புள்ள கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்லுற? அம்மாமார் ஒருக்கா வாசிச்சிட்டு சொல்லுங்க

கல்லடி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடியில இரிக்கன், ரெண்டு புள்ளயள், மூத்தவன் நாலாம் ஆண்டு, மகள் நேர்சரி. நாங்க மெதடிஸ்த சபை. அவர்ட வீட்டாக்கள் சைவம், அவர் கலியாணம் முடிச்ச பிறகு என்னோட சேர்ச்சுக்கு வருவார், சில கிழமை வரமாட்டார். அதுல எனக்கும் மாமிக்கும் ஒரு கரச்சலும் இல்ல, மாமி மாமாங்கத் திருவிழாக்கு போனா புள்ளயளுக்கு கச்சான் வாங்கிக்கிட்டு வருவா, நத்தாருக்கு நான் செய்யிற கேக்க முதல் துண்டு அவக்குத்தான். இத ஏன் சொல்றன் எண்டா, வீட்டுல புள்ளயளுக்கு ஜெபம் சொல்லிக் குடுக்கிற, பைபிள் கத சொல்லுற, ஞாயிறு எழுப்பி வெளிக்கிடுத்துற எல்லாம் நான் ஒராள்தான். அது பாரமா இரிக்கு எண்டு சொல்லல்ல, எனக்கு விருப்பமான வேல அது. ஆனா பதில் தெரியாத இடத்துல பக்கத்துல திரும்பிக் கேக்க ஆள் இல்ல, அதான் இஞ்ச எழுதுறன்.

இந்த முறை உயிர்த்த ஞாயிறு விடியச்சாம ஆராதனைக்கு போனம். 2019 உயிர்த்த ஞாயிறு அண்டைக்கு சேர்ச்சுகள்ல குண்டு வெடிச்சதுக்கு பிறகு உங்க எல்லாருக்கும் தெரியும்தானே, பெரிய திருநாள் எண்டா கேற்றடியில ஆமி, பொலிஸ், பேக் செக் பண்ணித்தான் உள்ளுக்கு விடுவாங்க. மகன்ட கையில அவன்ட சின்ன பேக், அதுக்குள்ள பைபிளும் தண்ணிப் போத்தலும். ஆமிக்காரத் தம்பி பேக்க திறந்து பைபிள எடுத்து பக்கத்த விரிச்சுப் பாத்தார், போத்தல ஒருக்கா குலுக்கிப் பாத்தார், மறுகா எல்லாத்தையும் ஒழுங்கா திருப்பி வச்சு சிப்ப இழுத்து மூடி மகன்ட தலைய தடவி விட்டார். நல்ல பொடியன், குத்தம் சொல்ல ஒண்டுமில்ல. ஆனா மகன் என்ட கைய புடிச்ச புடி எனக்கு இன்னும் நோகுற மாதிரி இரிக்கு.

வீட்ட வந்து புட்டு சாப்பிடேக்க கேட்டான். "அம்மா, இயேசப்பா நம்மள பாத்துக்குவார் எண்டு நீங்க ஒவ்வொரு நாளும் சொல்றீங்கதானே, அப்ப எதுக்கு ஆமிக்காரர் துவக்கோட நிக்கார்?" நான் சொன்னன், ஒருகாலத்துல கெட்ட ஆக்கள் வந்தவங்க மனே, அதுக்காக எண்டு. அவன் விடல்ல. "எனக்கு தெரியும், சீயோன் சேர்ச்சில. அந்த புள்ளயளும் அண்டைக்கு விடிய ஜெபம் பண்ணிட்டுத்தானே வந்திருப்பாங்க?"

அண்டைக்கு நாங்க எங்கட சேர்ச்சில இருந்தம், இவனுக்கு அப்ப மூண்டு வயசு, மடியில நித்திர. சத்தம் கேட்டிச்சு, எங்கயோ டிரான்ஸ்போமர் வெடிச்சிட்டு எண்டுதான் நினைச்சம். பிறகுதான் அம்புலன்ஸ் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஓடத் தொடங்கினது. சீயோன் சேர்ச்சில குண்டு, ஓய்வுநாள் பாடசாலை முடிஞ்சு வெளிய நிண்ட புள்ளயள் எண்டு கேள்விப்பட்ட நேரம் நான் இவன இறுக்கிப் புடிச்சுக்கிட்டு அழுதன். அவன் இப்ப கேட்ட கேள்விய நான் அண்டைக்கே எனக்குள்ள கேட்டன். ஆறு வருசமா ஒருத்தருக்கும் சொல்லல்ல. அத அவன்ட வாயில இருந்து கேட்டதும் பயந்து போய் சத்தம் போட்டுட்டன், "இப்பிடியெல்லாம் கேக்கப்படாது, இயேசப்பாக்கு கவல வரும்" எண்டு.

அண்டையில இருந்து ராவு ஜெபத்துல கண்ண மூடிக்கிட்டு இரிக்கான், வாய் அசையுதில்ல. முந்தி எங்கட நாய்க்கும் ஜெபிப்பான், அப்பப்பாட கால் வருத்தத்துக்கும் ஜெபிப்பான், போதும் மனே எண்டு நான்தான் சொல்லணும். இப்ப நான் முடிச்சா "ஆமென்" மட்டும். பத்து நாளாச்சு. அதோட அஞ்சாம் ஆண்டு புலமைப்பரிசில் சோதனைக்கு படிப்பிக்கிற டியூசன் சேர் ஞாயிறு விடிய எட்டு மணிக்கு ஒரு கிளாஸ் வச்சிரிக்கார், நான் அனுப்புறல்ல எண்டுதான் இருந்தனான். இப்ப இவன் தானா வந்து "நான் சேர்ச்சுக்கு வரல்ல, கிளாசுக்கு போறன்" எண்டு சொல்றான். படிப்புல ஆச வந்து சொல்லல்ல, அந்த கேற்ற தாண்டி உள்ளுக்கு போக பயத்துல சொல்றான் எண்டு பெத்த எனக்கு விளங்குதுதானே.

தெரிஞ்ச ஒருவர்ட்ட போன்ல கேட்டன். புள்ளைக்கு சாத்தான் சந்தேகத்த போடுறான், மூண்டு நாள் உபவாசம் இருங்க எண்டார். உபவாசம் இருந்தன். ஆனா என்ட புள்ளைட கேள்விய சாத்தான்ட கேள்வி எண்டு எனக்கு நினைக்க ஏலாம இரிக்கு. என்ன சொல்லுற அவனுக்கு?


வாழைச்சேனை சகோதரன்:

சகோதரி, புள்ளைக்கு இவ்வளவு இடம் குடுக்கத் தேவையில்ல எண்டுதான் நான் நினைக்கன். நீதிமொழிகள் 22:6 தெளிவா இரிக்கு, நடக்கவேண்டிய வழியில நடத்தச் சொல்லித்தான் இரிக்கு, அவன்ட விருப்பத்த கேக்கச் சொல்லி இல்ல. ஞாயிறு எண்டா சேர்ச், அதுக்குப் பிறகுதான் டியூசன், அதுல கதைக்க ஒண்டுமில்ல. எங்கட அப்பா ராவு ஜெபத்துக்கு வராட்டி பிரம்பெடுப்பார், அண்டைக்கு கோவம் வந்திச்சு, இண்டைக்கு நாங்க நாலு சகோதரங்களும் சபையில நிக்கிறம் எண்டா அவர்ட கண்டிப்புத்தான். கேள்வி கேக்கிற வயசு, ஒள்ளுப்பம் நாளையில மறந்திருவான். நீங்க மனசு தளராம நில்லுங்க. ஜெபிக்கிறன்.


ஓய்வுநாள் டீச்சர், புளியந்தீவு:

தங்கச்சி, நீங்க எழுதினத ரெண்டு தரம் வாசிச்சன். நான் ஓய்வுநாள் பாடசாலையில படிப்பிக்கத் தொடங்கி இருவத்தெட்டு வருசம், அதால கொஞ்சம் நீட்டா எழுதுவன், பொறுத்துக்கங்க.

தம்பி சொன்னதுல ஞாயிறு சேர்ச்ச விடப்படாது எண்டது சரி. ஆனா தம்பி, புள்ள மறந்திருவான் எண்டு சொன்னீங்களே, அதுல நான் ஒத்துவரமாட்டன். புள்ளயள் மறக்கிறல்ல. எங்களுக்கு முன்னால கேக்கிறத விடுவாங்க, அவ்வளவுதான். நாங்க மறந்திட்டான் எண்டு சந்தோசப்படுவம்.

இத நான் எங்க படிச்சன் எண்டு சொல்றன். 2004 மார்கழி 26, சுனாமி அடிச்ச நாள், அதுவும் ஒரு ஞாயிறு. நத்தாருக்கு அடுத்த நாள் விடிய. நாவலடி, திருச்செந்தூர், டச்சுபார் பக்கமெல்லாம் என்ன நடந்த எண்டு மட்டக்களப்பு ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. தை மாசம் நாங்க வகுப்ப திரும்ப தொடங்கேக்க பாயில ஒரு இடம் வெறுமையா இருந்திச்சு. அந்தப் புள்ள வசனம் பாடமாக்கிறதுல கெட்டிக்காரி, நத்தார் விழாவுல பரிசெடுத்தவள், பரிசெடுத்து ஒரு கிழமை இல்ல. அவளுக்குப் பக்கத்துல இரிக்கிற சின்னவள் கேட்டாள், டீச்சர், அவளத்தானே இயேசப்பாக்கு நல்லா பிடிக்கும், ஏன் எடுத்தார் எண்டு. எனக்கு அழுக வருது, மத்த புள்ளயள் பாத்துக்கிட்டு இரிக்காங்க, சட்டெண்டு வாயில வந்தத சொன்னன். கடவுள் தன்ட தோட்டத்துக்கு நல்ல பூவாப் பாத்து பறிச்சுக்கிட்டார் மகள் எண்டு.

எல்லாரும் செத்த வீட்டுல சொல்றதுதானே. அழகான வார்த்த மாதிரி இரிக்கும்.

அடுத்த கிழமையில இருந்து அந்தச் சின்னவள் வசனம் சொல்லுறத விட்டிட்டாள். நல்லா பாடமாக்கிற புள்ள, கேட்டா தெரியா தெரியா எண்டு தலைய ஆட்டுறாள். ரெண்டு மாசம் போன பிறகுதான் அவட அம்மம்மா எனக்கிட்ட சொன்னா, "டீச்சர், வசனம் நல்லா சொல்லுற புள்ளயளத்தான் கடவுள் பறிப்பாராம், அதால தான் சொல்லமாட்டாளாம்."

நான் அந்த ராவு நித்திர கொள்ளல்ல. என்ட வாய மூட ஏலாம அவசரத்துக்கு சொன்ன ஒரு சொல், ஒரு புள்ளைக்கு கடவுள பயங்கரமான ஆளாக்கிட்டு. அவளுக்கு முன்னால குந்தி இருந்து, டீச்சர் பிழையா சொல்லிட்டன் மகள், கடவுள் புள்ளயள பறிக்கிறவர் இல்ல, ஏன் இப்பிடி நடந்த எண்டு டீச்சருக்கு தெரியா எண்டு சொன்னன். அவள் என்ன கேட்டாள் தெரியுமா, "தெரியாட்டி ஏன் டீச்சர் முதல்லயே தெரியா எண்டு சொல்லல்ல?"

அதால தங்கச்சி, முதல் வேல, நீங்க மகன்ட்ட போய் அண்டைக்கு சத்தம் போட்டது பிழை எண்டு சொல்லுங்க. அம்மாட மரியாத குறையாது. அவன் கேட்ட கேள்வி இயேசப்பாவ கவலப்படுத்தும் எண்டு நீங்க சொன்னதுதான் அவன்ட வாய மூடிரிக்கு, கேள்வி மூடல்ல. தன்னால இயேசப்பாக்கு கவல வந்திட்டு எண்டு அந்தப் புள்ள பத்து நாளா சுமக்கிறானோ தெரியா.

ரெண்டாவது, அந்தக் கேள்வி பைபிளுக்குள்ளயே இரிக்கு எண்டு அவனுக்கு காட்டுங்க. யோவான் 11 எடுங்க. லாசரு செத்து நாலு நாளைக்குப் பிறகு இயேசு வாறார். மார்த்தாள் ஓடிப்போய் என்ன சொல்றா? "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." ஒள்ளுப்ப நேரத்தால மரியாளும் வந்து அதே சொல்ல சொல்றா. உங்கட மகன் புட்டுக் கோப்பைக்கு முன்னால இருந்து கேட்டது இதுதான், வேற இல்ல. இயேசு ஆருக்கும் ஏசல்ல. இப்பிடி கேக்கப்படாது எண்டு சொல்லல்ல. மரியாள் அழுறதக் கண்டு தானும் அழுதார். உயிரோட எழுப்பப் போறன் எண்டு தெரிஞ்சுக்கிட்டும் முதல்ல அழுதார். நான் வகுப்புல இந்த இடத்த வாசிச்சா அதுக்கு மேல விளக்கம் சொல்றல்ல, கொஞ்ச நேரம் சும்மா இருப்பம்.

மறுகா தானியேல் 3. அக்கினிச் சூளை கத எல்லா புள்ளயளுக்கும் தெரியும், நாங்களும் நெருப்புக்குள்ள நாலாவது ஆள் நடந்த எண்டு கைதட்டி பாடி முடிச்சிருவம். 18ஆம் வசனத்த ஆரும் சொல்லிக் குடுக்கிறல்ல. அந்த மூண்டு பொடியன்மாரும் ராசாக்கு சொல்றாங்க, எங்கட தேவன் எங்கள விடுவிப்பார், விடுவிக்காமப் போனாலும் உங்கட சிலைய கும்பிடமாட்டம் எண்டு. விடுவிக்காமப் போனாலும். நாங்க புள்ளயளுக்கு "இயேசப்பா பாத்துக்குவார்" எண்டத மட்டும் குடுத்து இத குடுக்காம விட்டா, முதல் அடி விழுற அண்டைக்கு புள்ள எங்களப் பொய்காரர் எண்டு நினைக்கும். பாத்துக்குவார் எண்டா ஒண்டும் நடக்காது எண்டு அர்த்தமில்ல, என்ன நடந்தாலும் விட்டுட்டுப் போகமாட்டார் எண்டு அர்த்தம். நான் இத விளங்க எனக்கு நாப்பது வயசு தாண்டிச்சு, உங்கட மகனுக்கு ஒம்பது வயசுல விளங்கணும் எண்டு அவசரப்படாதீங்க.

எங்கட ஊருக்கு மெதடிஸ்த மிசனறியா முதல் வந்த வில்லியம் ஓல்ட் ஐயர்ட கதையும் சொல்லுங்க. மெதடிஸ்த சென்ட்ரல் கொலிச் பொடியன்மாருக்கு பேர் தெரியும், கத தெரியா. 1814ல கப்பல்ல வரேக்க கடல்லயே மனுசி செத்திட்டா. தனியா மட்டக்களப்புக்கு வந்து இறங்கி பள்ளிக்கூடங்கள தொடங்கினார், 1815 ஏப்ரல் முதலாம் திகதி அவரும் வருத்தம் வந்து போயிட்டார். ஒரு வருசம் கூட முழுசா இல்ல. அவர்ட ஜெபத்துக்கும் அவர் எதிர்பாத்த பதில் வந்திருக்காது. ஆனா நாங்க ஒரு கூட்டம் ஆக்கள் இண்டைக்கு இஞ்ச இருந்து அவர்ட பேரச் சொல்றம்.

கடைசியா, அவன ஜெபிக்க வைக்கப் பாடுபடாதீங்க. நீங்க ஜெபிக்கேக்க உங்கட கேள்வியையும் அவனுக்கு கேக்கிற மாதிரி சத்தமா கேளுங்க. 13ஆம் சங்கீதம் எடுத்துப் பாருங்க, தாவீது எதுவரைக்கும், எதுவரைக்கும் எண்டு திரும்பத் திரும்ப கேக்கார். அம்மாவும் இயேசப்பாட்ட கேக்கலாம் எண்டு கண்டா அவன்ட வாய் தானா திறக்கும். ஞாயிறு எங்கட வகுப்புக்கும் கூட்டிக்கிட்டு வரலாம், கல்லடிப் பாலம் தாண்டினா எவ்வளவு தூரம்.


கல்முனை அப்பா:

நான் அம்மா இல்ல, ஆனா மூணு புள்ளைட அப்பா, எழுதலாம்தானே. நாங்க கத்தோலிக்கம். டீச்சர் சொன்னதுக்கு மேல பெரிசா சொல்ல இல்ல, ரெண்டு விசயம் மட்டும்.

ஒண்டு, உங்க மகனுக்கு கேள்வி வேற, பயம் வேற. கேள்விக்கு பேசலாம், பயத்துக்கு பேசி வேலையில்ல, கால்தான் நடக்கணும். எங்கட நடுவிலவளும் 2019க்குப் பிறகு ஒரு வருசம் போல பூசையில கடைசி வாங்குல, கதவுப் பக்கம்தான் இருப்பாள், பெரிய பேக்கோட ஆரும் உள்ளுக்கு வந்தா என்ட சேட்ட புடிப்பாள். நாங்க செஞ்ச என்னெண்டா, கிழமை நாள்ல பின்னேரம் கோயில்ல ஒருத்தரும் இல்லாத நேரம் அவள கூட்டிட்டுப் போறது. ஆமி இல்ல, பொலிஸ் இல்ல, சனமில்ல. புறாச் சத்தம் மட்டும். ஓடி விளையாட விட்டம், மாதா சுருவத்துக்கு முன்னால மெழுகுதிரி கொளுத்த விட்டம், கோயில் வேல பாக்கிற சங்கிலித்தாம் ஐயாட்ட சொல்லி மணிக் கயித்த ஒருக்கா இழுக்க விட்டம், அந்தச் சிரிப்ப நீங்க பாத்திருக்கணும். இப்பிடி ஒரு ஏழெட்டுத் தரம். மெல்ல மெல்ல அவளுக்கு அது திரும்பவும் தன்ட கோயிலா மாறிச்சு. ஆயித்தியமலை மாதா கோயில் திருவிழாக்கு நடந்து போற கூட்டத்தோட போன வருசம் அவள்தான் முன்னால நடந்தாள், கால் கொப்புளிச்சும் மோட்டர்சைக்கிள்ல ஏறமாட்டன் எண்டுட்டாள்.

ரெண்டாவது, கடவுளுக்கு வேண்டிய ஆக்களுக்கு ஒண்டும் நடக்காது எண்டு நாங்க புள்ளயளுக்கு சொல்லிக் குடுக்கிறது எங்கட மண்ணுக்கே பொருந்தாத பொய். நான் மட்டக்களப்பு மைக்கல் கொலிச்ல படிச்சவன். ஹேபர்ட் பாதர எங்கட அண்ணமாருக்கு நல்லாத் தெரியும், அமெரிக்கால இருந்து வந்த யேசு சபை குருவானவர், பாஸ்கட்போல் பழக்கினவர், பாதர்ட விசில் சத்தம் கேட்டா முழு மைதானமும் நிக்குமாம். 1990 ஓகஸ்ட் 15, யுத்தம் நடந்த நேரம், மாதாட விண்ணேற்புத் திருநாள் அண்டைக்கு வாழைச்சேனையில இருந்து மட்டக்களப்புக்கு வெளிக்கிட்டவர், கூட ஒரு பொடியன். ரெண்டு பேரும் வந்து சேரல்ல. இண்டை வரைக்கும் தெரியா. மாதா திருநாள் அண்டைக்கு ஒரு பாதருக்கே அப்பிடி எண்டா, என்ன சொல்லுறது. அப்போஸ்தலர் பணி 12 எடுத்துப் பாருங்க, ஒரே அதிகாரம், யாக்கோப வாளால வெட்டுறாங்க, பேதுருவ வானதூதர் வந்து சிறையில இருந்து கூட்டிட்டுப் போறார். ஏன் இவருக்கு அப்பிடி, அவருக்கு இப்பிடி எண்டு ஒரு வரி விளக்கம் இல்ல. நான் என்ட மகனுக்கு இத வாசிச்சுக் காட்டினன், அவன் சொன்னான், அப்ப யாக்கோபுட அம்மா பேதுருவக் கண்டா அழுதிருப்பா என்னப்பா எண்டு. நான் இத்தின வருசம் பூசைக்குப் போயும் எனக்கு அந்த அம்மாட ஞாபகம் வரல்ல.

டியூசன் விசயம், அந்த சேர்ட்ட நீங்க தனியப் போகாம நாலஞ்சு அம்மா அப்பா சேந்து போய்க் கேளுங்க. நாங்க கேட்டு பதினொரு மணிக்கு மாத்தினம். தனியாப் போனா இடமில்ல எண்டுவாங்க.


தம்பிலுவில் மகள்:

நான் இதுல எழுதுறதே குறைவு, வாசிக்க மட்டும்தான் வாறது, ஆனா கல்முனை அண்ணன் 1990 எண்டு எழுதினதக் கண்டதும் கை நிக்கல்ல. எங்கட அப்பாவும் அந்த வருசம்தான். சைக்கிள்ல போனவர், சைக்கிளும் வரல்ல. நான் அப்ப அம்மாட வயித்துல.

எங்களுக்கு விசுவாசம் சொல்லித் தந்தது எண்டு யோசிச்சா அம்மா பெரிய பெரிய பைபிள் விளக்கம் ஒண்டும் சொன்ன ஆள் இல்ல, அவ எட்டாம் ஆண்டு வரைக்கும்தான் படிச்ச. ஒவ்வொரு நாளும் மத்தியானம் அரிசி அளந்து சுளகுல கொட்டின பிறகு அதுல இருந்து ஒரு புடி எடுத்து பழைய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்ள போடுவா. புடியரிசிக் காணிக்கை. முந்தி எல்லா வீட்டுலயும் இருந்தது, இப்ப எங்க. போத்தல் நிறைஞ்சா சேர்ச்சுக்குப் போகும், இல்லாட்டி எங்கள விட இல்லாத வீட்டுக்குப் போகும். சில நாள் ரெண்டு சுண்டு அரிசிதான் இரிக்கும், நாங்க அஞ்சு பேர், அதுலயும் எடுப்பா. எடுக்கேக்க என்ன சொல்லுவா எண்டா, ராகம் போட்டு ஜெபம் எல்லாம் இல்ல, பக்கத்து வீட்டு மனுசரோட கதைக்கிற மாதிரி, "இண்டைக்கும் அவர் வரல்ல ஆண்டவரே. சரி. இந்தாங்க அரிசி."

சில நாள் அந்த "சரி" இல்ல. கோவத்தோட "இந்தாங்க" மட்டும். போத்தல்ல அரிசி விழுற சத்தத்துலயே எங்களுக்கு விளங்கும் அம்மா இண்டைக்கு என்ன மாதிரி எண்டு. ஆனா ஒரு நாள் கூட போடாம விடல்ல.

நான் ஏலெவல் படிக்கேக்க சேர்ச்ச விட்டன். நாலஞ்சு வருசம். அம்மாட்ட கேட்டன், உங்கட கடவுள் அப்பாவ கொண்டு வந்து தந்தாரா எண்டு. நல்லா நோகணும் எண்டுதான் கேட்டன். அவ அடிக்கல்ல, அழல்ல, "இல்ல மகள், தரல்ல. நானும் அதத்தான் ஒவ்வொரு நாளும் கேக்கன்" எண்டு சொல்லிட்டு மீன வெட்டப் போயிட்டா. அக்கா, அண்டைக்கு அவ எனக்கு பிரசங்கம் வச்சிருந்தா நான் திரும்பி வந்திருக்கமாட்டன். இப்ப எனக்கும் ஒரு மகள் இரிக்காள், எங்கட குசினியிலயும் ஒரு போத்தல் இரிக்கு, அவள்ட குட்டிக் கையால ஒரு புடி எண்டா பத்து பதினஞ்சு அரிசிதான் வரும், நிலத்துல சிந்துறதுதான் கூட. கூட்டிப் பொறுக்கி போடுவம்.

உங்கட மகன் வாய் திறக்காட்டியும் கைக்கு ஒரு வேல குடுத்துப் பாருங்க அக்கா.


வாழைச்சேனை சகோதரன்:

டீச்சர் எழுதினத நேத்து ராவு மனுசிக்கும் வாசிச்சுக் காட்டினன். பிரம்பு எடுத்த எங்கட அப்பாவ பத்தி முந்தி எழுதினன்தானே. சுனாமியில எங்கட தங்கச்சி போன பிறகு அவர் ஒரு கிழமை குடும்ப ஜெபம் நடத்தல்ல. அத நாங்க நாலு பேரும் இண்டை வரைக்கும் கதைச்சதில்ல, அவரும் கதைக்காமலே போயிட்டார். அவர்ட்டயும் அந்த நேரம் ஆராவது போய் பக்கத்துல குந்தி இருந்திருக்கலாம். சகோதரி, நான் அவசரமா எழுதிட்டன், மன்னிச்சுக்கங்க.


கல்லடி அம்மா:

எல்லாருக்கும் நன்றி எண்டு ஒரு சொல்லுல முடிக்க மனமில்ல, நடந்தத சொல்றன்.

புதன் ராவு கறண்ட் போயிட்டு. மகள் நித்திர, இவர் வேலைக்குப் போனவர் வரல்ல. நானும் மகனும் வாசல் படியில இருந்தம், நுளம்புத்திரி கொளுத்தி வச்சிருந்தன். டீச்சர் சொன்ன மாதிரி சொன்னன், அண்டைக்கு நீ கேட்டதுக்கு அம்மா சத்தம் போட்டது பிழை மனே, நீ கேட்டது பிழை இல்ல, இயேசப்பாக்கு உன்னோட கோவமும் இல்ல கவலையும் இல்ல எண்டு. அவன் ஒண்டும் சொல்லல்ல, படியில கிடந்த ஓலைக் கீத்த கிழிச்சுக்கிட்டே இருந்தான். அம்மாக்கும் அதுக்கு பதில் தெரியா எண்டு சொன்னன். அப்பதான் நிமிந்து பாத்தான்.

"உண்மையா தெரியாதா?"

"உண்மையா தெரியா."

"போதகர் ஐயாக்கு?"

"அவருக்கும் முழுக்க தெரிஞ்சிருக்காது மனே."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். மறுகா, "அப்ப நீங்க ஏன் சேர்ச்சுக்கு போறீங்க?" எண்டு கேட்டான். இந்தக் கேள்விய நான் எதிர்பாக்கல்ல. யோசிச்சுச் சொல்ல நேரமில்ல, உள்ளத சொன்னன், அண்டைக்கு உன்ன மடியில வச்சு அழுதுக்கிட்டு இரிக்கேக்க எனக்கு கூப்புட வேற பேர் வரல்ல மனே, இயேசப்பா இயேசப்பா எண்டுதான் வாயில வந்த எண்டு. அவன் என்ட மடியில தலைய வச்சான், ஒம்பது வயசு, இப்ப அப்பிடி வைக்கிறதே இல்ல. யோவான் 11அ போன் லைட்ல வாசிச்சம். "இயேசு கண்ணீர் விட்டார்" எண்ட இடத்துல இன்னொருக்கா வாசிங்க எண்டான். வாசிச்சன். கறண்ட் வந்த பிறகும் நாங்க எழும்பல்ல.

ஜெபம் அண்டைக்கும் அவன் சொல்லல்ல, நான் மட்டும்தான், என்ட கேள்வியோட. வியாழனும் இல்ல. வெள்ளி ராவு நான் ஆமென் சொல்லப் போகேக்க இடையில புகுந்து, "இயேசப்பா, அந்த புள்ளயள்ட அம்மாமார் இப்பவும் அழுவாங்க" எண்டு சொன்னான். அது கேள்வியா ஜெபமா எண்டு தெரியா, வேற ஒண்டும் கேக்கவுமில்ல. ஒள்ளுப்பம் பொறுத்து, "அந்த ஆமி அங்கிள் வீட்ட போனாரோ தெரியா" எண்டான். நான் அதுக்கும் ஆமென் சொன்னன்.

கல்முனை அண்ணன் சொன்ன மாதிரி சனி பின்னேரம் சேர்ச்சுக்கு கூட்டிக்கிட்டு போனன், கேற்றடியில ஒருத்தரும் இல்ல, அவன் நிண்டு இடப்பக்கம் வலப்பக்கம் பாத்திட்டுத்தான் உள்ளுக்கு கால வச்சான். இன்னும் பயம் போகல்ல. ஞாயிறு வந்தான், கடைசி வாங்குல என்னோட இருந்தான், வகுப்புக்கு போகமாட்டன் எண்டுட்டான், நானும் வற்புறுத்தல்ல. டீச்சர், வாற கிழமை உங்கட வகுப்புக்கு கூட்டிக்கிட்டு வந்தா நானும் கதவுப் பக்கமா பாயில ஒரு ஓரத்துல இரிக்கலாமா? அப்பிடியெண்டா வாறனாம்.

தம்பிலுவில் தங்கச்சி, எங்கட வீட்டுல ஹோர்லிக்ஸ் போத்தல் இல்ல, மாமிதான் தன்ட ஊறுகாப் போத்தல கழுவி வெயில்ல காயவச்சு தந்தா. மகன் முதல் புடி போட்டான், மகள் போட்டாள், பாத்துக்கிட்டு நிண்ட மாமியும் ஒரு புடி எடுத்து போட்டா. இது நிறைஞ்சா ஆருக்கு குடுக்கிற எண்டு இப்பவே மூண்டு பேருக்கும் சண்ட.

டியூசன் சேரோட இன்னும் கதைக்கல்ல, ரெண்டு அம்மாமார் வாறம் எண்டிரிக்காங்க, செவ்வாய் பின்னேரம் போறம்.